துரை என்று கூப்பிட்டால்

அப்பாவை வேனிலிருந்து இறக்கியபோது, வாலை ஆட்டிக்கொண்டு எதிரே ஓடியது துரை ஒன்றுதான். அம்மா கதவு நிலையைப் பிடித்தபடி நின்றாள். முணு கையிலிருந்த கத்தரிக்கோலைக்கூடக் கீழே வைக்கவில்லை. இரண்டு ஆட்கள் அவரை மெத்தையோடு தூக்கிவந்து, "தலை எந்தப் பக்கம்?" என்று பீரோவை இறக்குகிறவர்கள் மாதிரி கேட்டு, முன்னறையில் போட்டார்கள். பக்கத்தில் ஒரு பை நிறைய மருந்து. ஒரு ஜோடி ஷூ.

"அக்கா சொல்லச் சொன்னாங்க," என்றான் இருவரில் ஒருவன், யார் முகத்தையும் பார்க்காமல். "இனிமே அவங்களால முடியாதாம்."

"மூணு வருஷம் முடிஞ்சுதாமா?" என்றாள் அம்மா.

வேன் திரும்பி, தெருமுனையில் ஒருமுறை ஹாரன் அடித்து, போய்விட்டது. துரை மெத்தைமேல் ஏறி, பக்கவாதத்தில் உணர்விழந்த அப்பாவின் வலது கையை முகர்ந்துபார்த்து, அதன்மேலேயே சுருண்டு படுத்தது.

"துரை, எறங்குடா கீழ," என்று அம்மா அதட்டினாள்.

நாய்க்குட்டி குதித்து இறங்கியது. மெத்தையில் கிடந்தவர் மெல்ல முகத்தைத் திருப்பி அம்மாவைப் பார்த்தார். அவரும் துரைதான்.

அது பெற்றவர்கள் வைத்த பெயர் அல்ல, தெரு வைத்தது. வீட்டில் ஒரு பிடி அரிசி இல்லாவிட்டாலும் சட்டை மடிப்புக் கலையாமல், முகம் தெரிகிற அளவுக்கு ஷூவைத் துடைத்து மாட்டிக்கொண்டுதான் அப்பா படி இறங்குவார். வேலை தேடித்தான் போவார். ஆனால் அவருடைய ஷூவுக்குப் பொருத்தமான வேலை கடைசிவரை கிடைக்கவில்லை. "துரை கிளம்பிட்டாரு, வழி விடுங்கப்பா" என்று தெருவில் சொல்வார்கள். கேலி என்று அவர் நினைக்கவே இல்லை. பட்டம் என்று வாங்கிப் போட்டுக்கொண்டார். சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் யாரையோ என்று நின்றுகொண்டிருப்பார்.

மூன்று வருஷத்துக்கு முன் ஒரு காலையில் அப்படித்தான் படி இறங்கினார். நாலு பஸ் நிறுத்தம் தள்ளி இன்னொருத்தி வீட்டில் குடியேறிவிட்டார் என்பது ஒரு வாரம் கழித்துத்தான் தெரிந்தது. அம்மா அழவும் இல்லை, போய்ச் சண்டை போடவும் இல்லை. பேச்சை நிறுத்திவிட்டாள். லாட்ஜ் சலவை அறையில் விரிப்பு மடிக்கும் வேலைக்குப் போனாள், வந்தாள், சமைத்தாள், படுத்தாள். ஒன்பதாம் வகுப்பில் இருந்த முணு ஒரு திங்கட்கிழமை பள்ளிக்குக் கிளம்பவில்லை. ஏன் என்று அம்மா கேட்கவில்லை. துணிக் கம்பெனியிலிருந்து மூட்டை மூட்டையாகச் சட்டைகள் வீட்டுக்கு வரத் தொடங்கின. தையலில் நீட்டிக்கொண்டிருக்கும் நூலையெல்லாம் நறுக்கித் திருப்பி அனுப்ப வேண்டும். பிசிறு வெட்டுவது என்பார்கள். வாயைத் திறக்க வேண்டாத வேலை. பாதிப் பேச்சை வாய்க்குள்ளேயே விழுங்கி முணுமுணுக்கிற பெண் என்பதால் முணு என்று பெயர் வாங்கியவளுக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் இருந்தது.

அந்த வீட்டுக்குள் ஆறு மாதத்துக்கு முன்புதான் நாய்க்குட்டி வந்தது. சலவை அறைக்குப் பின்னால் தெருநாய் ஒன்று போட்ட குட்டிகளில் பிழைத்தது அது மட்டும். அம்மா சாப்பாட்டுப் பையில் போட்டு எடுத்துவந்து தரையில் விட்டாள். உடம்பு முழுக்கக் கறுப்பு, நாலு பாதமும் வெள்ளை. அது யாரையும் சட்டை செய்யாமல் நேரே நடந்துபோய், வீட்டிலிருந்த ஒரே நல்ல தலையணையில் ஏறிப் படுத்துக் கொட்டாவி விட்டது.

"பாருடி," என்றாள் அம்மா. "காலுக்கு ஷூ, தலைக்குத் தலகாணி. துரை திரும்பி வந்துட்டாரு."

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். இரண்டரை வருஷமாகத் துருப்பிடித்துக் கிடந்த கதவு திறந்ததுபோல் அந்தச் சிரிப்புக்கு ஒரு கிறீச் சத்தம் இருந்தது. முணு பயந்தே போனாள்.

அன்றிலிருந்து அம்மாவுக்கு வாய் வந்தது. "என்ன துரை, உக்காந்த எடத்துக்குச் சோறு வரணுமா?" "ஊர் மேஞ்சிட்டு எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டு உள்ள வர்ற?" "துரைக்கு நம்ம வீட்டுச் சோறு எறங்காது, வேற வீட்டுல பந்தி போட்டிருக்காங்க." பக்கத்து வீட்டுக்காரர்கள் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டுச் சிரிப்பார்கள். நாய்க்குட்டி காதைத் தூக்கிக்கொண்டு எல்லாவற்றையும் வாங்கிக்கொள்ளும். அம்மா நன்றாகச் சாப்பிட்டாள். தூக்கத்தில் பல்லைக் கடிப்பது நின்றது. நாயைப் பேசிப் பேசியே அம்மா தேறிவிடுவாள் என்று முணு நினைத்துக்கொண்டிருந்தபோதுதான் வேன் வந்து நின்றது.

பராமரிப்பில் ஒரு குறை சொல்ல முடியாது. படுத்திருப்பவரை எழுப்பாமலேயே விரிப்பை மாற்ற அம்மாவுக்குத் தெரியும். ஒரு பக்கமாக உருட்டி, பழையதைச் சுருட்டி, புதியதை விரித்து, மறுபக்கம் உருட்டி உருவிவிடுவாள். ஒரு சுருக்கம் இருக்காது. வேலைக்குப் போகுமுன் துடைத்து, மருந்து கொடுத்து, இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்டிவிடும்படி முணுவிடம் சொல்லிவிட்டுப் போவாள். ஆனால் அவரிடம் ஒரு சொல் பேசவில்லை. வாயைத் திற என்றுகூடச் சொல்லமாட்டாள். கரண்டியை உதட்டில் வைப்பாள், அவ்வளவுதான்.

பேச்செல்லாம் நாயிடம். அதே அறையில், மெத்தைக்கு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்து, குட்டியை மடியில் போட்டுக்கொண்டு பேசினாள்.

"ஏன் துரை, போறவன் சொல்லிட்டுப் போகணும்னு ஒனக்கு யாரும் கத்துக்குடுக்கலயா? சமைச்சு வெச்சிட்டு உக்காந்திருந்தேனே. சோத்துல தண்ணி ஊத்தறதா வேண்டாமான்னு தெரியாம உக்காந்திருந்தேனே. அங்க என்ன போட்டாங்க ஒனக்கு? கறி போட்டாங்களா?"

நாய் அவள் முகவாயை நக்கியது. அப்பாவின் இடது கண்ணிலிருந்து மட்டும் நீர் இறங்கிக் காதுக்குள் போனது. எழுந்துபோய்த் துடைக்கலாமா கூடாதா என்று தெரியாமல், முணு ஒரு சட்டைக் கையின் பிசிறை வெட்டியதையே மறுபடி வெட்டிக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பெரிய மாமா வந்தார். அம்மாவின் அண்ணன். கல்லறுக்கும் பட்டறையில் மேஸ்திரி. மெதுவாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு பேசினாலும் தெருவுக்குக் கேட்கும். உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும்போதே அம்மா கொல்லையிலிருந்து துரை என்று கூப்பிட, நாய் ஓடியது, அப்பா திரும்பினார். மாமாவுக்குத் தண்ணீர் மூக்கில் ஏறியது.

"இன்னும் அந்தப் பேர மாத்தலயா நீ?"

"எதுக்கு மாத்தணும்?"

"எதுக்கா? மனுஷன் உள்ள கெடக்கான். காது நல்லாத்தான் இருக்குன்னு டாக்டரே சொல்லியிருக்காரு. நீ நாயக் கூப்பிட்டுக் கூப்பிட்டு அவன் மானத்த வாங்குற."

"அண்ணே, அந்த மானத்த அவரு போகும்போதே எடுத்துட்டுப் போயிட்டாரு. பையில தேடிப் பாரு, மருந்தோட அனுப்பியிருப்பாங்க."

"ஊரு சிரிக்குது."

"மூணு வருஷமா சிரிச்சுதே, அப்ப எங்க போயிருந்த?"

மாமா முணுவின் பக்கம் திரும்பினார். "நீயாவது சொல்லேன்மா. உங்கப்பன்தான அது."

முணு வாய்க்குள் ஏதோ சொன்னாள். என்ன சொன்னோம் என்பது அவளுக்கே தெளிவாக இல்லை. மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அன்று மத்தியானம், பாத்திரம் துலக்கும் இடத்தில் வைத்து அவள் கேட்டாள். "அம்மா. அத வேற பேர்ல கூப்பிடலாமே."

"ஏன், நாய்க்கு அவமானமா இருக்காமா?" என்றாள் அம்மா. பிறகு தட்டை மிக வேகமாகத் தேய்த்தாள்.

முணு அதோடு விட்டிருப்பாள். அடுத்த வாரம் நர்ஸம்மா வந்த அன்றுதான் விஷயம் வேறாகிவிட்டது. மாதத்தில் இரண்டு முறை கிளினிக்கிலிருந்து வந்து கைகாலை மடக்கி நீட்டிப் பார்த்துவிட்டு அட்டையில் எழுதுகிறவர். அட்டையில் இருந்த பெயரைச் சொல்லி அப்பாவைக் கூப்பிட்டார். அப்பா கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். காதருகே குனிந்து கூப்பிட்டார். அசைவில்லை. "கவனம் இல்லை" என்று எழுதினார்.

"பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பேசிட்டே இருக்கணும்மா. பேச ஆள் இல்லன்னா மூளை அப்படியே படுத்துடும். யாராவது பேசுறீங்களா?"

முணு தலையைக் குனிந்துகொண்டாள். அந்த நேரம் பார்த்து அம்மா சமையலறையிலிருந்து, "துரை, வா, வந்து தின்னு" என்று கூப்பிட்டு, தட்டைத் தரையில் தட்டினாள். நாய் பாய்ந்தோடியது. மெத்தையில் அப்பா சத்தம் வந்த பக்கம் தலையைத் திருப்பி, வாயைத் திறந்தார். திறந்து, காத்திருந்தார்.

"அட, நல்லாக் கேக்குதே," என்றார் நர்ஸம்மா சந்தோஷமாக. "வீட்டுல கூப்பிடுற பேரா? சொல்லவே இல்லயே. துரைன்னு எழுதிக்கட்டுமா?"

"இல்லங்க," என்றாள் முணு. "அது நாய்."

நர்ஸம்மாவின் பேனா நின்றது. அப்பாவின் வாய் இன்னும் திறந்தே இருந்தது. முணு ஒரு வாய்த் தண்ணீரைக் கரண்டியில் எடுத்து ஊற்றினாள். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

அந்தத் திறந்த வாய் அவளைத் தூங்கவிடவில்லை. என்னதான் செய்திருக்கட்டும், ஒரு மனிதன் நாய்க்கு வைத்த சோற்றுக்கு வாயைத் திறக்கக் கூடாது. அம்மாவிடம் கேட்டால் நடக்காது. கேட்காமல் செய்தால் ஒருநாள் ஏச்சோடு போய்விடும். வாழ்நாளில் எதையும் தானாக முடிவு செய்திராத முணு இதை முடிவு செய்தாள். பெயரை மாற்றிவிடுவது.

பஞ்சு என்று வைத்தாள். யாருக்கும் இல்லாத பெயராக இருக்கவேண்டும் என்பது மட்டுமே கணக்கு. அம்மா வேலைக்குப் போனதும் பிஸ்கட்டைச் சிறு சிறு துண்டாக உடைத்து வைத்துக்கொள்வாள். பஞ்சு என்று கூப்பிட்டுத் திரும்பினால் ஒரு துண்டு. துரை என்று கூப்பிட்டு ஓடிவந்தால் ஒன்றும் கிடையாது, வெறும் கையை விரித்துக் காட்டுவாள். முதல் இரண்டு நாள் குட்டி குழம்பிப்போய் அவள் கையையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தது. ஐந்தாம் நாள் பஞ்சு என்றதும் காது நிமிர்ந்தது. பத்தாம் நாள் துரை என்றதற்கு அது கண்ணைக்கூடத் திறக்கவில்லை.

எல்லாம் அப்பாவின் கண் முன்னால்தான் நடந்தது. உங்களுக்காகத்தான் என்று சொல்ல நினைத்து, சொல்ல வராமல், அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். நெகிழ்ந்துவிட்டார் என்று முணு நினைத்தாள்.

பதினோராம் நாள் அம்மா வேலையிலிருந்து வந்து, கைகால் கழுவி, வழக்கம்போல முன்னறையில் காலை நீட்டி உட்கார்ந்தாள். அன்று லாட்ஜில் ஏதோ நடந்திருக்கவேண்டும். முகம் சிவந்திருந்தது, சொல்ல ஒரு மூட்டை வைத்திருந்தாள்.

"துரை, இங்க வாடா. இன்னிக்கு என்ன கூத்து தெரியுமா?"

நாய்க்குட்டி வாசற்படியில் படுத்தபடி தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தது. மெத்தையில் அப்பா மட்டும் திரும்பினார்.

"துரை."

அறையில் அந்தப் பெயருக்குத் திரும்பியிருந்த ஒரே முகம் அவருடையது. அம்மாவும் அவரும் ஒருவரையொருவர் நேருக்கு நேர் பார்த்துக்கொண்டார்கள். வேன் வந்த நாளுக்குப் பிறகு அதுதான் முதல் தடவை. அம்மாதான் முதலில் கண்ணை விலக்கினாள். அவளுக்குப் புரிந்துவிட்டது.

"எத்தன நாளா?"

"பத்து நாளா," என்றாள் முணு. "பஞ்சுன்னு. அப்பாவுக்குக் கஷ்டமா இருக்கும்னு."

ஏச்சு வரும் என்று தோளைச் சுருக்கிக்கொண்டாள். வரவில்லை. அம்மா தன் உள்ளங்கையைப் பார்த்தாள். சலவைச் சோடாவில் வெந்து தோலுரிந்த கை.

"நான் இனிமே யார்கிட்டடி பேசுவேன்?" என்றாள். குரலில் கோபமே இல்லை. கடையில் சாமான் தீர்ந்துவிட்டதா என்று விசாரிப்பதுபோல் இருந்தது. "அந்த மனுஷன்கிட்டயா? நேரா மூஞ்சியப் பாத்தா என்னால ஒரு சொல்லு சொல்ல முடியாது. கால்ல விழுந்து ஏன் போனீங்கன்னு கேட்டுடுவேன். அதுக்குத்தான அந்த நாயி."

எழுந்து போய் அடுப்பைப் பற்றவைத்தாள்.

அதன்பிறகு அந்த வீட்டில் பேச்சு நின்றது. வேலை மட்டும் நடந்தது. விரிப்பு மாறியது, மருந்து இறங்கியது, தட்டு கழுவப்பட்டது. நாய்க்குச் சோறு வைக்கும்போது அம்மா பஞ்சு என்றும் சொல்லவில்லை, நாக்கைச் சொடுக்கினாள். சாயங்காலம் அவள் வரும் நேரத்துக்கு அப்பா தலையைக் கதவுப் பக்கம் திருப்பி வைத்துக்கொள்வார். அவள் அவரைத் தாண்டி உள்ளே போவாள். சற்றுப் பொறுத்து அவர் தலை பழையபடி சுவருக்குத் திரும்பும். அன்று அவர் திரும்பிக்கொண்டது நெகிழ்ச்சியால் அல்ல என்பது முணுவுக்கு அப்போதுதான் விளங்கியது. தினமும் அந்த ஏச்சுக்காகத்தான் அவர் காத்திருந்திருக்கிறார். அவரோடு யாரும் பேசிய பேச்சு அது ஒன்றுதான்.

நாலாம் நாள் அவர் வாயைத் திறக்கவில்லை. கரண்டி உதட்டில் பட்டது, உதடு பூட்டியதுபோல் இருந்தது. மறுநாளும் அப்படியே. வற்புறுத்தி ஊட்டிய பால் கடைவாயில் வழிந்து விரிப்பை நனைத்தது. அம்மா விரிப்பை மாற்றினாள்.

முணு மறுபடி பிஸ்கட்டை உடைத்தாள். துரை, துரை என்று கெஞ்சினாள். குட்டி வந்தது. ஆனால் பெயருக்கு வரவில்லை. பிஸ்கட் பொட்டலத்தின் சத்தத்துக்கு வந்தது. பஞ்சு என்றாலும் வந்தது, சும்மா இருமினாலும் வந்தது. ஒரு சாயங்காலம் அம்மாவுக்குக் காட்டுவதற்காகக் கையில் துண்டை ஒளித்து வைத்துக்கொண்டு கூப்பிட்டுப் பார்த்தாள்.

"விடு," என்றாள் அம்மா. "அது போச்சு."

நர்ஸம்மா வந்து அப்பாவின் தோலைக் கிள்ளிப் பார்த்தார். கிள்ளிய இடம் மடிந்தபடியே நின்றது. "இன்னும் ரெண்டு நாள் பாருங்க. இறங்கலேன்னா ஆஸ்பத்திரியில சேத்து மூக்கு வழியா குழாய் விடணும். அங்க போனா..." என்று நிறுத்திக்கொண்டார். நிறுத்திய இடத்தில் என்ன இருந்தது என்று எல்லோருக்கும் தெரிந்தது.

மறுநாள் அம்மாவுக்கு விடுமுறை. கொல்லையில் துணி அலசிக்கொண்டிருந்தாள். முணு குழைய வேகவைத்த சோற்றைப் பாலில் கரைத்து எடுத்துக்கொண்டு மெத்தைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அப்பா, வாயத் தொறங்கப்பா."

சுவர்.

"அப்பா, ரெண்டு வாய் போதும்."

சுவர்தான். கிண்ணம் ஆறிக்கொண்டிருந்தது. ஆடை கட்டியது. முணு அதைக் கரண்டியால் ஒதுக்கினாள். பிறகு, தனக்கே கேட்காத குரலில் சொன்னாள்.

"துரை."

அவர் திரும்பினார். வாய் திறக்கவில்லை. ஆனால் கண் அவள்மேல் வந்து நின்றது. அந்தக் கண்ணைப் பார்த்ததும், அம்மா பேசுவதுபோல் இரண்டு வார்த்தை பேசி எப்படியாவது ஊட்டிவிடலாம் என்று எண்ணித்தான் தொடங்கினாள். அம்மாவின் வார்த்தைகள் எல்லாம் அவளுக்கு மனப்பாடம். வாய்க்கு வந்தது வேறு.

"போன வருஷம் மழைக்காலத்துல," என்றாள், "துணி மூட்டைய எடுத்துட்டு பஸ்ஸுக்கு நின்னேன். ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் நீங்க நின்னீங்க. குடை புடிச்சிருந்தீங்க. நான் நனைஞ்சிட்டு நிக்கிறேன். நீங்க பாத்தீங்கப்பா. என்னப் பாத்தீங்க."

கரண்டியால் கிண்ணத்தைக் கலக்கினாள்.

"பாத்துட்டு, குடைய முன்னால சாய்ச்சிக்கிட்டீங்க. மூஞ்சி தெரியாம. எதிர்ல பஸ் வந்து நின்னு, போனதுக்கப்புறம் பாத்தா ஆள் இல்ல. நான் என்ன கடன்காரியா? என்னப் பாத்து எதுக்கு ஒளிஞ்ச? வீட்டுக்கு வான்னா கூப்பிட்டிருப்பேன்? எனக்குத்தான் வாயே வராதே. ஒனக்குத் தெரியாதா அது? தலைய ஆட்டியிருந்தாப் போதும். நான் பாட்டுக்கு பஸ் ஏறியிருப்பேன். அம்மாகிட்ட இன்னிக்கு வரைக்கும் சொல்லல. குடைய சாய்ச்ச துரை, கேக்குதா ஒனக்கு? கேக்குதில்ல?"

நீங்க எப்போது நீயானது என்று அவள் கவனிக்கவில்லை. தன் குரல் இவ்வளவு பெரியது என்பதும் அவளுக்குத் தெரியாது. நாய்க்குட்டி வாசற்படியிலிருந்து எழுந்து, வாலை இடுக்கிக்கொண்டு பெஞ்சுக்கு அடியில் போய்விட்டது. அப்பாவின் முகம் ஒரு பக்கமாகக் கோணியது. வாய் திறந்தது. அழுவதற்கா, ஏதாவது சொல்வதற்கா, சோற்றுக்கா என்று கண்டுபிடிக்கிற நிதானம் அவளிடம் இல்லை. கரண்டியை உள்ளே வைத்தாள். அவர் விழுங்கினார். தொண்டை ஏறி இறங்கியதைப் பார்த்தாள்.

"மூணு வருஷம்," என்றாள். அடுத்த கரண்டி. "ஒருநாள்கூட அந்தப் பொண்ணு படிக்குதா, என்ன பண்ணுதுன்னு யார்கிட்டயும் விசாரிக்கல." அடுத்த கரண்டி. அவர் விழுங்க விழுங்க அவளுக்கு இன்னும் இன்னும் வந்தது. அவர்மேல் தனக்கு இரக்கம் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்ததற்கு அடியில் இவ்வளவு கிடந்திருக்கிறது. கண்ணீர் அவர் காதுக்குள் போய்க்கொண்டிருந்தது. அவள் துடைக்கவில்லை. கிண்ணத்தில் பாதிக்குமேல் இறங்கிவிட்டது.

கொல்லைக் கதவில் அம்மா நின்றாள். முழங்கைவரை நுரை. எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை. முணுவுக்குச் சட்டென்று குரல் அறுந்தது. கரண்டி பாதி வழியில் நின்றது. மெத்தையில் அவர் வாய் திறந்தபடி, அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அம்மா கையை உதறிவிட்டு, உள்ளே வராமல், அங்கிருந்தே சொன்னாள்.

"மெதுவாப் பேசி மெதுவா ஊட்டு. பொரை ஏறிடும்."